தட்டிச் சந்தில் நின்று பார்த்த கூத்து

1

இதை ஒரு புதன்கிழமை மத்தியானம், வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊரில் கூத்தாடிக்கொண்டிருக்கிற உங்களுக்கு அதில் என்ன விசேஷம் என்று தோன்றும். கோலார் தங்கவயலுக்கு நான் வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் முடிகிறது. இந்தப் பத்து வருஷமும் வெயில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாமான். மற்ற நாட்களில் விடிந்ததும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கிவிட்டால், மேலே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். இப்போது மேலே, மரக்கொட்டகையில் வேலை. சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கிற கட்டைகளுக்கு அளவு போட்டுக் கொடுக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் எழுதவும் முடிகிறது.

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. பத்து வருஷம் ஆயிற்று, இந்தப் பங்குனியிலாவது வந்து ராஜா வேஷம் கட்டு என்று கேட்டிருந்தீர்கள். என்னால் வர முடியாது. இதை ஒரு வரியில் எழுதி மடித்துப் போட்டிருக்கலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் என்ன காரணம் எழுதினாலும் பொய்யாகிவிடும். அந்த அதிர்ச்சி இன்னும் என் உடம்பை விட்டுப் போகவில்லை. சோறு பிசைகிற கை சில சமயம் தட்டிலேயே நின்றுவிடுகிறது.

இதை யாராவது சத்தமாகப் படிக்க, என்னைப் பார்த்தே இராத இளவட்டங்களும் கேட்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஏகாம்பரம். ஆரணிப் பக்கத்து நம் ஊரில் ராஜா வேஷம் கட்டிக்கொண்டிருந்தவன். மழை இரண்டு வருஷம் பொய்த்தபோது கிளம்பி, பௌரிங்பேட்டையில் ரயிலை விட்டிறங்கி, நடந்தே இங்கு வந்தேன். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்துக் கூலி லைனில் ஒரு தட்டி வீடு. மூங்கில் தட்டியால் நான்கு சுவர், மேலேயும் தட்டி. கூட வந்தவள் தனபாக்கியம், என் அத்தை மகள், என் மனைவி. இங்கே வந்து பிறந்தவள் எங்கள் மகள் செல்லம்மா. அவளுக்கு ஒன்பது வயது.

நடுவில் ஊருக்கு வரவே இல்லையே என்று கேட்பீர்கள். ஒருமுறை கிளம்பினோம். அது பிளேக் வருஷம். எல்லையில் இறக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, அக்குளைத் தடவிப் பார்த்து, ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். போகிற ஊரில் தினமும் காலையில் ஒரு அதிகாரியிடம் போய் அந்தச் சீட்டைக் காட்டி நிற்க வேண்டுமாம். தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். "நம்ம ஊருக்குப் போறதுக்கு நம்மளயே சந்தேகப்பட்றாங்களே மாமா," என்றாள். அங்கிருந்தே திரும்பிவிட்டோம்.

2

இங்கேயும் கூத்து உண்டு. ஆனால் நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். பகலில் ஆடுகிறோம். ராஜாவுக்கும் முகமூடி, ராணிக்கும் முகமூடி.

நம் ஊரில் முகமூடி என்றால் அசுரனுக்கும் மிருகத்துக்கும்தான். ராஜாவுக்கு முகம் எழுத ஒரு ஜாமம் வேண்டும். ஒருவன் மல்லாந்து படுப்பான், ஒருவன் எழுதுவான். இங்கே முதல் வருஷம் அப்படித்தான் செய்து பார்த்தோம். ஷிப்டு முடிந்து குளித்துவிட்டுப் படுத்தவன் அரிதாரம் பூசி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான். எழுப்பினால் அடுத்த ஷிப்டுச் சங்கு ஊதுகிறது. அதுவும் போக, கல்தூசி ஏறிய தோலில் அரிதாரம் ஒட்டாமல் பாளம் பாளமாக உதிர்ந்தது.

அப்போது யோசனை சொன்னவன் அந்தோணி. வேலூர்க்காரன், கோயில் வேதக்காரன், அதாவது கத்தோலிக்கன், எங்கள் மத்தளக்காரன். "மூஞ்சிய எய்துறத்துக்கு இன்னாத்துக்கு வாத்தியாரே இவ்ளோ பாடு? செஞ்சி வெச்சிக்கினு மாட்டிக்கினா போவுது," என்றான். பழைய காகிதத்தை ஊறப்போட்டு இடித்து, புளியங்கொட்டைப் பசை சேர்த்து, களிமண் அச்சின்மேல் அப்பிக் காயவைத்தோம். ஒரு மாதத்தில் ஆறு முகம் தயாராகிவிட்டது.

பிறகுதான் சிக்கல் புரிந்தது. முகமூடி போட்ட ராஜா கோபப்பட்டால் யாருக்கும் தெரியவில்லை. அழுதாலும் தெரியவில்லை. கண்ணை உருட்டியும் மீசையைத் துடிக்கவைத்தும் நாம் செய்கிற வேலை எல்லாம் காகிதத்துக்குப் பின்னால் வீணாகப் போயிற்று. பார்க்கிறவர்கள் கொட்டாவி விட்டார்கள். அதனால் நான் உடம்பைப் பழக்க ஆரம்பித்தேன். அதையே ஆறு வருஷமாகச் செய்கிறேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கம் எடுத்தபின் கொட்டுகிற சயனைடு மண் இங்கே குன்று குன்றாகக் கிடக்கிறது. மாவு போலச் சாம்பல் நிற மண். அதன் அடிவாரத்தில்தான் பயிற்சி. அந்த மண்ணில் கால் வைத்தால் அச்சு விழும். வேஷக்காரனை நடக்கவிட்டு, அவன் காலடியை அவனுக்கே காட்டுவேன். ராஜா நெஞ்சை முன்னால் விட்டு நடப்பான், குதிகால் ஆழமாக விழும். பயந்தவனுக்கு விரல்தான் பதியும். முகமூடியில் கண் அசையாது. கழுத்துத் திரும்பினால்தான் பார்வை திரும்பும். கழுத்தும் தனியாகத் திரும்பக் கூடாது, வயிற்றிலிருந்து திரும்ப வேண்டும். இதையெல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். பழகுவதற்கென்று ஒரு முகம் செய்தேன். சாயம் கிடையாது, புருவம் கிடையாது, சிரிப்பும் அழுகையும் கிடையாது. வெறும் வெள்ளை. அதைப் போட்டுக்கொண்டு பசியைக் காட்டு, சந்தோஷத்தைக் காட்டு என்பேன். உடம்பு பொய் சொன்னால் அந்த வெள்ளை முகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பயிற்சி நடக்கும்போது தனபாக்கியம் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேழ்வரகு புடைப்பாள். யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் கொடுப்பாள். அவள் தலை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

3

இந்த வருஷம் முழுக் கூத்து ஒன்று ஆடத் தீர்மானித்தோம். அதற்கு உத்தரவு வேண்டும். தங்கம் எடுக்கிற இடத்தில் ஆறு பேர் முகத்தை மூடிக்கொண்டு நடமாடுவது என்றால் சும்மா விடுவார்களா? ஷிப்டு முடிந்து மேலே வருகிறவனின் தலைமுடியைக் கூட அவிழ்த்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். மனுவைத் தூக்கிக்கொண்டு மூன்று இடம் அலைந்து, கடைசியில் அந்தோணியும் நானும் கோலார் சர்க்கார் கச்சேரிக்குப் போனோம்.

அங்கே ஒரு கன்னட குமாஸ்தா. மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார்:

"முகவாட எஷ்டு?"

எஷ்டு என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். முகவாட்டத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். யாரும் இல்லாத சீமையில் ஒரு பெரிய மனிதர் என் முகத்தைப் பார்த்து, எவ்வளவு வாட்டம் என்று விசாரிக்கிறாரே என்று கையைக் கூப்பினேன்.

"கொஞ்சம் கீதுங்க சாமி," என்றேன். "ஊர வுட்டு வந்து பத்து வருசம் ஆவப் போவுது. போவப் போவ சரியாப்பூடும்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். அந்தோணி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். கன்னடத்தில் முகவாட என்றால் முகமூடி. எத்தனை முகமூடி என்றுதான் கேட்டிருக்கிறார்.

ஏழு என்று அந்தோணி சொன்னான். ஏழுக்கும் ஒரு பட்டியல் எழுதினார்கள். இந்தப் பக்கம் முகமூடி, அந்தப் பக்கம் அதைப் போடுகிறவன் பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம். ஏழாவது அந்த வெள்ளை முகம். அதற்குள் யார் என்று கேட்டார். பழகுவதற்கு, அதற்கென்று யாரும் இல்லை என்றோம். அப்படியே எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து பட்டியலோடு முகங்களை ஒத்துப் பார்ப்பார் என்றும், பட்டியல் கையில் இல்லாவிட்டால் கூத்து இல்லை என்றும் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னபோது செல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பின்வீட்டோடு தெலுங்கு, எதிர்வீட்டோடு கன்னடம்.

"அதுகூடத் தெரியாதாப்பா? எங்க கன்னடத்துல அதான் முகவாட," என்றாள்.

எங்க கன்னடத்துல. நான் தனபாக்கியத்தைப் பார்த்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "ஊருக்குப் போனா நீ யாருகூட பேசுவ?" என்று செல்லம்மாவைக் கேட்டேன். "எந்த ஊருக்கு?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு முனியம்மாவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. லைனில் இருக்கிற பெண்கள் எல்லாம் அங்கே கூடியிருந்தார்கள். ஆண்களை மத்தியானமே விரட்டிவிட்டார்கள். நாங்கள் மண்மேட்டில் கான்ஸ்டபிளுக்காகக் காத்திருந்தோம். மூன்று மணி வாக்கில்தான் எனக்கு உறைத்தது, பட்டியல் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஓடினேன்.

எங்கள் வீட்டுக்கும் முனியம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து. ஒரு பக்கம் அவர்கள் முற்றத்தை மறைத்துக் கட்டிய தட்டி. உள்ளே பெண்களின் சிரிப்பு. சாதாரணச் சிரிப்பு இல்லை. மூச்சு முட்டி, ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரிக்கிற சிரிப்பு. நான் நின்றேன். நின்றது தப்பு. தட்டி இடுக்கில் கண்ணை வைத்தது அதைவிடத் தப்பு.

முற்றத்தின் நடுவில், அன்று வேண்டாமென்று வீட்டில் விட்டுவந்திருந்த என் வெள்ளை முகம் நின்றுகொண்டிருந்தது. வேட்டி, தலையில் முண்டாசு. என் பையன்களில் எவனோ பெண்கள் கூட்டத்தில் புகுந்து கோமாளித்தனம் செய்கிறான் என்று முதலில் ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிஷம் அந்த ஆத்திரம் போய்விட்டது. ஏனென்றால் ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆறு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்துவது அத்தனையும் அந்த உடம்பில் இருந்தது. திரும்பினால் வயிற்றிலிருந்து திரும்பியது. நின்றால் எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. யாரடா இவன், இவனை ஏன் எனக்குத் தெரியாது என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஆள் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். வாசலில் இருமிக் காட்டிவிட்டுத்தான் நுழைகிறான். இடது தோள் இறங்கியிருக்கிறது; ஒரே தோளில் கட்டை சுமந்தவனின் தோள். உயரம் குறைந்த சுரங்கத்தில் குனிந்தே பழகி, திறந்த வெளியிலும் தலையைத் தாழ்த்தி நடக்கிறான். வந்ததும் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பொத்தென்று போடுகிறான். உட்காருகிறான். காலை நீட்டி முழங்காலை மூன்று தடவை தேய்க்கிறான். பெண்டாட்டி இருக்கிற பக்கம் திரும்பாமலே, ஒரு விரலை ஆட்டித் தண்ணீர் கேட்கிறான்.

"அய்யோ, அதே விரலுதான்டி!" என்று ஒருத்தி கத்தினாள். மறுபடியும் சிரிப்பு.

நானும் சிரித்தேன். சந்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த வரிசையில் இருக்கிற கிழட்டு மேஸ்திரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு அந்த ஆள் எழுந்தான். எதிரில் யாரோ நிற்பதுபோல அவர்களுக்கு நடை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். நெஞ்சை விரித்தான். கையை வீசினான். ராஜா நடை நடந்தான். தோள் இறங்கிய, முதுகு கூனிய ராஜா.

என் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அது நான்.

நான் அப்படியா நடக்கிறேன்? பத்து வருஷமாக, நம் ஊரில் நடந்த அதே ராஜா நடையை நடப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறேன்? ஓட முடியவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

வெள்ளை முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு நடந்து வந்து, நான் நிற்கிற தட்டிக்கு நேராக நின்றது. இருமல் வந்தது. வாசலில் இருமிய பொய் இருமல் இல்லை. வயிற்றைப் பிடித்து இழுக்கிற இருமல். இடுப்பிலிருந்து ஒரு துணியை உருவி வாயில் வைத்தது. எடுத்துப் பார்த்தது. துணியை உள்பக்கமாக ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, இடது இடுப்பில் செருகியது. அப்புறம் கழுத்து மெதுவாகத் திரும்பியது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று. யாரும் பார்க்கவில்லை. தோள் தளர்ந்தது. நிமிர்ந்து நடந்து போயிற்று.

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"போதும்மா," என்றாள் முனியம்மா. "கயட்டு."

முகமூடி கழன்றது. தனபாக்கியம்.

என் கை தானாக இடது இடுப்புக்குப் போயிற்று. துணி அங்கேதான் இருந்தது. அதை யாருக்கும் தெரியாமல் நானே துவைத்து, நானே மறைவாகக் காயப்போட்டு வைத்திருந்தேன். அதில் வருகிறது என்ன என்பதை அந்தோணியிடம் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. தூசியில் வேலை செய்கிற எல்லோரும்தான் இருமுகிறார்கள், என் இருமலில் மட்டும் ரத்தம் என்று எப்படிச் சொல்வேன்?

பட்டியலை எடுத்துக்கொண்டு மண்மேட்டுக்குப் போனேன். கான்ஸ்டபிள் ஒவ்வொருவனாக நிறுத்தி, முகத்தைப் பார்த்து, பெயரைப் படித்தார். ஏகாம்பரம் என்றார். நான் பேசாமல் நின்றிருக்கிறேன். அந்தோணி விலாவில் இடித்த பிறகுதான் அது என் பெயர் என்று தெரிந்தது.

மேடையில் ஏறி நாலடி நடந்தேன். ஐந்தாவது அடி வைக்க முடியவில்லை. எல்லோரும் அந்த இடது தோளைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. தலை சுற்றுகிறது என்று சொல்லி இறங்கி, முகமூடியை அந்தோணியிடம் கொடுத்தேன்.

5

நான்கு நாள் நான் அவளோடு பேசவில்லை.

கோபம்தான். மறைக்க ஒன்றுமில்லை. என் நோயைப் பெண்கள் கூட்டத்தில் வேடிக்கை காட்டிவிட்டாளே என்ற கோபம். ஒருமுறை கை ஓங்கும் அளவுக்குக் கூட உள்ளே பொங்கியது. அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. சட்டி மூடியைத் தூக்கப் போவேன், கை பாதியில் நிற்கும். தண்ணீருக்கு விரல் எழும், இறக்கிவிடுவேன். நானே எழுந்து போய் மொண்டு குடிப்பேன்.

கேஜில் இறங்கும்போது மற்றவர்களைப் பார்த்தேன். இருபது பேர் நெருக்கி நிற்கிறோம். இருபது பேருக்கும் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. ஆறு வருஷமாக உடம்பைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இதை அதுவரை பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்லம்மா பள்ளிக்கூடத்தில். எனக்கு அன்று ஷிப்டு மாற்றம், பகலில் வீட்டில் இருந்தேன்.

"ஞாயித்துக்கெயம நானு சந்துல நின்னுக்கினு இருந்தேன்," என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ நின்னது தெரியும் மாமா. தட்டி இடுக்குல வெய்யிலு கோடு கோடா உள்ள வுழுந்துக்கினு இருந்திச்சி. திடீர்னு ஒரு ஆளு ஒசரத்துக்கு அணைஞ்சிப் போச்சி. ஒரு தோளு ஒசந்து ஒரு தோளு எறங்கி. அது யாருன்னு எனுக்குத் தெரியாதா?"

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப, அந்தத் துணிய..."

"அத்த அவங்களுக்கு ஆடல," என்றாள். "சிரிக்கறதுக்கு மொதல்ல ஆடுனேன். அது நெசம். பொம்பளைங்க நாங்க எப்பவும் அப்டித்தான் ஆடுவோம். முனியம்மா அவ ஊட்டுக்காரன ஆடுவா. நீ நிக்கறத பாத்ததுக்கு அப்பறம் ஆடுனது உனுக்கு."

"வாயால சொல்றதுக்கு இன்னா?"

அவள் தேய்த்த சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "எத்தினி வாட்டி கேட்டேன்? ஒடம்பு எப்டி கீதுன்னா நல்லா கீதுன்ற. இருமுறியேன்னா தூசுன்ற. வாயால கேட்டா வாயால இல்லன்னுடுற. அதான் ஒடம்பால கேட்டேன். நீதான சொல்லுவ, ஒடம்பு பொய் சொல்லாதுன்னு."

சம்பந்தமில்லாமல், இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"கத்துக்கறதுக்கு இன்னா கீது?" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாலயே உங்க கூத்தப் பாத்துட்டு வந்து மாட்டுக் கொட்டாயில ஆடுவேன். மாடுங்க பாக்கும். இங்க வந்து, நீ அவங்களுக்கு சொல்றத கேட்டுக்கினே புடைப்பேன். உன்னிய பாக்கறது மட்டுந்தான எனுக்கு வேல? பத்து வருசமா பாக்கறேன்."

பத்து வருஷம் ஒருத்தி என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த வீட்டுக்குள் என்னோடு இன்னொரு கூத்துக்காரி இருந்திருக்கிறாள், என்னைவிடத் தேர்ந்தவள். எது என்னை அதிகம் தூக்கிவாரிப் போட்டது என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள். அது கேள்வி இல்லை.

6

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் ஒரு கம்பவுண்டர், தெலுங்குக்காரர். நல்ல மனிதர்தான், வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள், அவருக்கு அவசரம்.

"ரொம்மு நொப்பியா?" என்று கேட்டார். ரொம்மு என்றால் நெஞ்சு, நொப்பி என்றால் வலி. வலி எனக்கு உண்மையிலேயே கிடையாது. இல்லை என்றேன். காய்ச்சல்? இல்லை. வேலைக்குப் போகிறாயா? போகிறேன். கம்பவுண்டர் டாக்டரிடம் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஒரு புட்டியைக் காட்டினார். இருமல் மருந்து. என் பின்னால் இருந்தவன் முன்னால் நகர்ந்தான். எனக்கு உள்ளூர நிம்மதி. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று சொல்லத் திரும்பினேன்.

தனபாக்கியம் நகரவில்லை.

"தொரையண்ட சொல்லுங்கண்ணா," என்றாள் கம்பவுண்டரிடம். "கொஞ்சம் என்னப் பாக்கச் சொல்லுங்க."

முந்தானையை இடுப்பில் செருகினாள். அவ்வளவு பேர் நடுவில், முகத்துக்கு மறைப்பு எதுவும் இல்லாமல், சிமெண்டுத் தரையில் படுத்தாள். படுத்தவள் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி படுக்கப் பார்த்தாள், முடியவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, தோள் காதுவரை ஏறி இறங்க, வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். தூங்குகிற பெண்டாட்டி விழித்துவிடக் கூடாதென்று இருமலை உள்ளங்கையில் அடக்கினாள். எழுந்து மேட்டில் நடக்கிறதுபோல நாலடி வைத்து நின்று, தூரத்து மலையைப் பார்க்கிறதுபோல நடித்து, மூச்சை வாங்கிக்கொண்டு, மறுபடி நாலடி வைத்தாள். பிறகு அந்தத் துணி. ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். அவர் என்னைத் திரும்ப உட்காரவைத்து, சட்டையைக் கழற்றி, நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். முதுகில் தட்டித் தட்டிக் கேட்டார். பின்பு கம்பவுண்டரைக் கேட்டார். அவர் தனபாக்கியத்தைக் கேட்டார், எவ்வளவு நாளாக இப்படி என்று.

அவள் மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு மாசமா?"

"வருசம்."

"இல்லமே," என்றேன். "போன மழைக்குத்தான..."

"உனுக்குப் போன மழ மாமா," என்றாள். "எனுக்கு மூணு வருசம்."

சுரங்கத்துக்குள் இனி இறங்கக் கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதினார். அது மேஜை மேஜையாக நகர்ந்து முடிய ஒரு மாதம் ஆயிற்று. நோய் இனி முழுதாகப் போகாது என்றும், தூசியை விட்டு விலகியிருந்தால் நாள் கிடைக்கும் என்றும் சொன்னார். எத்தனை நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. நெடுந்தூரப் பயணமும், விடிய விடிய ஆடுவதும் இனி எனக்கு இல்லை. மண்மேட்டுப் பயிற்சி நின்றுவிடவில்லை. ராஜா முகமூடி இப்போது அந்தோணியுடையது. அவன் கால் தப்பாக வைத்தால் புடைத்துக்கொண்டே தனபாக்கியம் சொல்கிறாள். முதல் நாள் எல்லோரும் திகைத்து என்னைப் பார்த்தார்கள். இப்போது அவளைப் பார்க்கிறார்கள்.

அன்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது, அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தோம். வழக்கம்போல நான் முன்னால் போவதற்காக ஒதுங்கி நின்றாள். அப்போது திடீரென்று ஒன்று உறைத்தது. அவளை நடித்துக் காட்டு என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குத் தெரியாது. அவள் எந்தக் காலை முதலில் வைப்பாள், களைத்தால் எந்தப் பக்கம் சாய்வாள், எதுவும் தெரியாது. பத்து வருஷத்தில் ஒருநாளும் நான் அவளுக்குப் பின்னால் நடந்ததில்லை.

"இன்னா மாமா, போ," என்றாள்.

"நீ முன்னால போமே," என்றேன். "நான் பாத்துக்கினு வரேன்."